ஊசிமணி, பாசிமணி, ஃப்ரீ சைஸ்

"ஃப்ரீ சைஸ்" அப்படிங்கற வார்த்தையைக் கண்டுபிடிச்ச புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா, உக்கார வெச்சு நாலு கேள்வி கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. நைட்டிக்கு ஃப்ரீ சைஸ், சரி, ஒத்துக்கறேன். துப்பட்டாவுக்கு ஃப்ரீ சைஸ், அதுவும் நியாயம். மணி கோர்த்த ப்ரேஸ்லெட்டுக்கு எப்படிங்க ஃப்ரீ சைஸ்? எங்க டீம்ல ஒரு பொண்ணு மணிக்கட்டு பதினாலு சென்டிமீட்டர். எங்க மேனேஜருக்குப் பத்தொன்பது. ரெண்டு பேருக்கும் ஒரே எலாஸ்டிக் வளையமாம். ஒருத்தருக்கு முழங்கை வரைக்கும் ஏறும், இன்னொருத்தருக்கு ரத்த ஓட்டமே நிக்கும். இதுக்குப் பேரு ஃப்ரீ சைஸ் இல்ல மக்கா, "அளவெடுக்க எனக்கு சோம்பேறித்தனம்"னு அர்த்தம்.

பகல்ல பொட்டி தட்டிட்டு, ராத்திரி மணி கோர்க்கற ஆளு நான். நாலு வருஷமா. ஆபீஸ்ல ஆணி அதிகமான வாரத்துல இது ஒண்ணுதான் தலையைக் கழட்டி வெச்ச மாதிரி இருக்கும். கம்பைல் ஆகுமா ஆகாதாங்கற கவலை இல்ல, கோர்த்தா கோர்த்ததுதான். அந்த உரிமைல இந்தப் பதிவு. பாசிமணி ஆர்வம் இல்லாதவங்க பின்பாதிக்குத் தாவிக்கலாம், அங்க கொஞ்சம் சண்டை இருக்கு :-)

முதல்ல கணக்கு. பொறியியல் படிச்சதுக்கு இதுக்காவது உபயோகமாகட்டும்.

நிறைய பேர் பண்றது என்னன்னா, இன்ச் டேப்பைக் கையில சுத்தி, பதினாறு சென்டிமீட்டர் வந்தா பதினாறு சென்டிமீட்டருக்கு மணி கோர்த்து முடிச்சுப் போட்டுடறாங்க. போட்டுப் பார்த்தா இறுக்கும். ஏன்னா நூல் போறது மணியோட நடு வழியா. கையைத் தொடறது மணியோட உள்பக்கம். நூலோட சுற்றளவும் உள்பக்கச் சுற்றளவும் ஒண்ணு கிடையாது. வித்தியாசம் எவ்வளவுன்னா, சரியா "பை" தடவை மணியோட விட்டம். 4 மிமீ மணின்னா கிட்டத்தட்ட 13 மிமீ, 6ன்னா 19, 8ன்னா 25, 10ன்னா 31 மிமீ. மணி பெருசாக ஆக, அளவு திங்கும்.

ஆக, கோர்க்க வேண்டிய நீளம் = மணிக்கட்டு + தளர்வு + (3.14 × மணியின் விட்டம்). தளர்வுன்னு நான் விடறது கொக்கி வெச்சதுக்கு ஒரு சென்டிமீட்டர், எலாஸ்டிக்குக்கு அரை. கொக்கி, வளையம் எல்லாம் இந்த நீளத்துக்குள்ள அடக்கம், அதைத் தனியா சேர்க்கக் கூடாது. பதினாறு சென்டிமீட்டர் கையில 8 மிமீ மணி, ஒரு சென்டிமீட்டர் தளர்வுன்னா 160 + 10 + 25 = 195 மிமீ. இதுல கொக்கிக்கும் வளையத்துக்கும் ஒரு 20 மிமீ போனா 22 மணி நிக்கும். எலாஸ்டிக்னா கொக்கி கிடையாது, 190 மிமீ, 24 மணி.

"மணிக்கட்டு வட்டமா என்ன, முட்டை மாதிரி தட்டையால்ல இருக்கு, பை எப்படி வரும்?"னு யாராவது கணக்குப் புலி கேப்பீங்க. கேளுங்க. உள்ள குழிவு இல்லாத எந்த வடிவத்தைச் சுத்தியும் ஒரே தூரம் தள்ளி ஒரு கோடு போட்டா, கூடற நீளம் அதே 'பை' கணக்குதான். வட்டம், முட்டை, மூலை மழுங்கின சதுரம், எல்லாத்துக்கும். எனக்கு இது தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, அவ்வளவு சந்தோஷம். என் ரூம்மேட் என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. (மணி கட்டற இடங்கறதாலதான் மணிக்கட்டா? தமிழ் வாத்தியார்கள் ஸ்கேலைக் கீழ வைக்கவும், சும்மா கேட்டேன்.)

அப்புறம் வளையல் சைஸ். "எனக்கு 2.4 சரியா இருக்கும், அந்த அளவுலயே ப்ரேஸ்லெட் பண்ணிக் குடு"ன்னு கேக்கறவங்க ஏராளம். இந்த 2.4ல இருக்கற புள்ளி தசமப் புள்ளி கிடையாது. ரெண்டு இன்ச், அதுக்கு மேல பதினாறுல நாலு பாகம். அதாவது 2.25 இன்ச் உள் விட்டம். 2.8ங்கறது இரண்டரை இன்ச். அதுக்கு அடுத்த சைஸ் 2.10! சாஃப்ட்வேர் வெர்ஷன் நம்பர் மாதிரி 2.8க்கு அப்புறம் 2.10. நம்ம ஊரு வளையல் கடைக்காரங்க பதினாறு அடிமான எண்ணுல காலங்காலமா வியாபாரம் பண்றாங்க, நாம அதைக் காலேஜ்ல செமஸ்டர் பீஸ் கட்டிப் படிச்சோம்.

விஷயத்துக்கு வரேன். வளையல் சைஸ் உங்க மணிக்கட்டோட சைஸ் இல்ல. கட்டை விரலை மடக்கிக் கையைக் குவிச்சா வர்ற சுற்றளவு, அதுதான் வளையல் தாண்ட வேண்டிய இடம். 2.4 வளையலோட உள் சுற்றளவு கிட்டத்தட்ட பதினெட்டு சென்டிமீட்டர். அதே கையோட மணிக்கட்டு பதினஞ்சோ பதினஞ்சரையோதான் இருக்கும். கொக்கி வெச்ச ப்ரேஸ்லெட்டை வளையல் அளவுக்குப் பண்ணினா லொட லொடன்னு கைவிரல் வரைக்கும் வந்து கீபோர்டு மேல தட்டிக்கிட்டே இருக்கும். எலாஸ்டிக்குக்கு மட்டும் ரெண்டு அளவும் வேணும். மணிக்கட்டு அளவுக்குக் கோர்க்கணும், குவிச்ச கை அளவுக்கு அது இழுபடுமான்னு பார்க்கணும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி முழக்கறேன்னா, எங்க அம்மா.

அம்மாவுக்கு முடக்குவாதம். விரல் கணு எல்லாம் வீங்கி, காலைல கை மடக்கவே அரை மணி நேரம் ஆகும். மூணு வருஷம் முன்னாடி தங்க வளையலை ஆசாரிகிட்ட போயி வெட்டித்தான் எடுத்தோம். கண்ணாடி வளையல் கணுவைத் தாண்டாது. வெறுங்கையோட இருக்க ஆரம்பிச்சாங்க. உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க, புருஷன் உயிரோட இருக்கற பொம்பளை வெறுங்கையா ஒரு கல்யாண வீட்டுக்குப் போனா என்னென்ன பேச்சு வரும்னு. அப்பா பக்கத்துலயே நிக்கறார், அப்பவும் "என்ன பார்வதி, கையில ஒண்ணும் காணோம்"னு நாலு பேர். அந்தப் பழக்கத்து மேல எனக்கு ஒரு மரியாதையும் கிடையாது. ஆனா அம்மா விசேஷங்களுக்குப் போறதையே குறைச்சுக்கிட்டாங்க பாருங்க, அது எனக்குப் பிரச்சினை. "ஃப்ரீ சைஸ்"னு வாங்கிக் குடுத்த எலாஸ்டிக் எல்லாம் கணு மேல இழுக்கும்போதே அவங்களுக்கு உயிர் போயிடும். கொக்கி வெச்சதுன்னா, அந்த நண்டுக் கொக்கியோட குட்டி நெம்புகோலை ஒத்தைக் கையால அழுத்த அவங்களால முடியாது.

காலைல வீக்கம் அதிகமா இருக்கும்போது அளவு எடுத்தேன். (நமக்கெல்லாம் சாயங்காலம், வெயில்ல அலைஞ்சுட்டு வந்த பிறகு எடுக்கறது நல்லது, அப்பதான் கை கொஞ்சம் உப்பியிருக்கும்.) பதினேழரை. 4 மிமீ சிவப்புக் கண்ணாடி மணி, காந்தக் கொக்கி, கூடவே கழண்டு விழாம இருக்க ஒரு சின்னப் பாதுகாப்புச் சங்கிலி. கையில ஒட்டினா தானா 'டக்'னு ஒட்டிக்கும். தூரத்துலேர்ந்து பார்த்தா வளையல் மாதிரியே இருக்கணும்னு அஞ்சு வரிசை. கடைல தேடினா இது கிடைக்காது, ஏன்னா கடைக்கு அம்மா கையைத் தெரியாது.

சரி, சாமான் எங்க வாங்கறது.

சென்னைல இருக்கறவங்களுக்கு சௌகார்பேட்டையை விட்டா வேற கோயில் இல்ல. மெட்ரோல உயர் நீதிமன்றம் ஸ்டேஷன்ல இறங்கி, என்.எஸ்.சி. போஸ் ரோட்டைப் பிடிச்சு மின்ட் தெரு பக்கமா சந்துக்குள்ள நுழைஞ்சா போதும், கண்ணே இழுத்துக்கிட்டுப் போயிடும். ஞாயித்துக்கிழமை போகாதீங்க, பல மொத்தக் கடைங்க ஷட்டர் போட்டிருக்கும். சனிக்கிழமை காலைல பதினோரு மணிக்குப் போங்க, கூட்டம் ஏறறதுக்குள்ள திரும்பிடலாம். பை எடுத்துக்கிட்டுப் போங்க. ஒரு 8 மிமீ மணியும் எடுத்துக்கிட்டுப் போங்க, கடைக்காரர் "எட்டு"ன்னு சொல்றது சில சமயம் ஏழாத்தான் இருக்கும்.

அங்க மணி சரக் கணக்கு. ஒரு சரம் பெரும்பாலும் பதினஞ்சு, பதினாறு இன்ச். 8 மிமீல நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு மணி வரும். மேல போட்ட கணக்கைப் பாருங்க, ஒரு எலாஸ்டிக் ப்ரேஸ்லெட்டுக்கு இருபத்தினாலு. அதாவது ஒரு சரம், ரெண்டு ப்ரேஸ்லெட். நாப்பத்தேழு வந்தா ரெண்டாவதுல ஒரு மணி குறையும், அந்த இடத்துல ஒரு உலோக ஸ்பேசரைப் போட்டு அதையே டிசைன்னு சொல்லிடலாம். அழகுக்காகத்தான் அந்த ஒத்தை வெள்ளி மணின்னு நீங்க நினைச்சிருந்தா, ஹி ஹி. 6 மிமீ, 10 மிமீக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஒரு சரத்துக்கு ரெண்டு. சின்ன பாசிக்கு மட்டும் எடைக் கணக்கு. அதுல நம்பர் கூடக் கூட மணி சின்னதாகும். 11ம் நம்பர் 2 மிமீ, 8ம் நம்பர் 3 மிமீ, 6ம் நம்பர் 4 மிமீ. ஜப்பான் பாசி அச்சு எடுத்த மாதிரி ஒரே அளவுல இருக்கும், விலையும் அப்படியே. நெசவு மாதிரி வரிசை வரிசையாப் பின்றவங்களுக்கு அது தேவை. சும்மா கோர்க்கறதுக்கு நம்ம ஊரு பாசியே தாராளம். கோணல் மணியைப் பொறுக்கித் தனியா வெச்சுடுங்க, வேற எங்கயாவது ஆகும்.

கல்லுன்னு சொல்லி விக்கறதுல மட்டும் உஷார். நீலப் பச்சைல கறுப்பு நரம்பு ஓடற "டர்க்காய்ஸ்" மலிவா வந்தா அது பெரும்பாலும் சாயம் ஏத்தின ஹவுலைட். "ஓபலைட்", மினுமினுக்கற "கோல்ட்ஸ்டோன்" ரெண்டும் கண்ணாடிதான், பேருதான் பெரிசு. இதுல எதுவும் மட்டம்னு நான் சொல்ல வரல, கண்ணாடிக்குக் கண்ணாடி விலை குடுங்கன்னு சொல்றேன். கண்ணாடியா பிளாஸ்டிக்கான்னு சந்தேகம் வந்தா கன்னத்துல வெச்சுப் பாருங்க, கண்ணாடி ஜில்லுன்னு இருக்கும். ஸ்வரோவ்ஸ்கி உதிரி மணி இன்னும் சரம் சரமா விக்கறாங்கன்னு யாராவது சொன்னா ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு நகருங்க. கைவினைக்காரங்களுக்கு உதிரியா விக்கறதை நிறுத்தப் போறதா அந்தக் கம்பெனி 2020லயே சொல்லிடுச்சு. அதே வருஷம் நவம்பர்ல அலிஎக்ஸ்பிரஸ் தடையாச்சு. அதை நம்பியிருந்த நம்ம கோஷ்டி பாதிப் பேரு அப்பதான் சௌகார்பேட்டைக்கு வழி கேட்டாங்க. நல்லதுக்குத்தான்.

மணில எவ்வளவு வேணா மிச்சம் பிடிங்க. நூல்லயும் கொக்கிலயும் பிடிக்காதீங்க. இதுதான் என் கட்சி. மலிவு எலாஸ்டிக் ஆறு மாசத்துல நஞ்சு போய், பஸ்ல நிக்கும்போது அறுந்து, இருபத்தினாலு மணியும் பத்து பேரு காலுக்கு நடுவுல உருளும். 8 மிமீ மணிக்கு 0.8 எலாஸ்டிக் வாங்கி, கோர்க்கறதுக்கு முன்னாடியே நாலஞ்சு தடவை இழுத்து விட்டுடணும், இல்லைன்னா போடப் போடத் தொங்கும். முடிச்சு மேல ஃபெவிக்விக் விடறாங்க பாருங்க, அது காஞ்சு எலாஸ்டிக்கை மொறமொறப்பாக்கி அங்கேயே அறுக்கும். இளகற வகைப் பசை ஒரு சொட்டு போதும். கனமான மணிக்கு எலாஸ்டிக்கே வேண்டாம், கியர் ஒயர்ல கோர்த்து கியர் லாக் போட்டு நசுக்குங்க. கொக்கிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். முலாம் பூசினது நம்ம சென்னை வேர்வைல ரெண்டு மாசம் தாங்கினா அதிசயம். அதுவுமில்லாம உள்ள இருக்கற நிக்கல் சில பேருக்கு அரிச்சுத் தள்ளிடும். ஒரு ப்ரேஸ்லெட்டுக்கு இதுல வர்ற வித்தியாசம் பத்துப் பதினஞ்சு ரூபாய்.

இப்ப சண்டை.

போன வருஷம் ஆபீஸ் கும்பலா திருவண்ணாமலை போனோம். பஸ் ஸ்டாண்ட் கிட்ட ஒரு நரிக்குறவர் அக்கா, விரிப்புல பாசிமணி பரப்பி, குறடும் கம்பியுமா உக்காந்திருந்தாங்க. நான் ஒரு கறுப்பு மணியைக் காட்டி, கைக்குப் போடற மாதிரி வேணும்னேன். "கையக் குடு பாப்பா." டேப் கிடையாது. வெறும் நூலை என் மணிக்கட்டுல சுத்தி, அடியில ரெண்டு விரலை விட்டு, அந்த இடத்தை நகத்தால கிள்ளிப் பிடிச்சாங்க. மடமடன்னு கோர்த்தாங்க. கிள்ளின இடம் வந்ததும் நிறுத்துவாங்கன்னு பார்த்தேன். நிறுத்தல, இன்னும் மூணு மணி கோர்த்தாங்க. "ஏங்க்கா கூட?"ன்னேன். "மணி பெருசுல்ல, உள்ள எடம் புடிச்சுக்கும்."

10 மிமீ மணி மக்கா. மூணு மணி, 30 மிமீ. பை தடவை விட்டம் 31.

முடிச்சுப் போட்டு மாட்டி விட்டாங்க. அச்சு அசலா உக்காந்துது. விலை எண்பது ரூபாய். நான் எண்பதைக் குடுத்தேன். என் பின்னாடியே வந்த எங்க டீம் ஆளு, பேரு வேண்டாம், அதே மாதிரி ஒண்ணைக் கையில போட்டுக்கிட்டே "நாப்பதுக்குக் குடு"ன்னான். அவங்களை ஒருமைல. அவன் வயசுக்கு அவங்க அவனோட அம்மா மாதிரி. கால் மணி நேரம் நின்னு ஐம்பதுக்கு முடிச்சான், ஜெயிச்ச மூஞ்சியோட வந்தான். இதே ஆளு அதுக்கு முந்தின மாசம் ஒரு மால்ல, "ஹேண்ட்கிராஃப்டட்"னு அட்டை தொங்கவிட்ட ஒரு எலாஸ்டிக் வளையத்துக்கு எழுநூத்துத் தொண்ணூத்தொம்பது அழுதிருந்தான். அங்க பேரம் கிடையாது. அட்டைல விலை அச்சடிச்சிருக்குல்ல. சைஸும் அச்சடிச்சிருந்தது: ஃப்ரீ.

இந்தக் கணக்குதான் எனக்கு ஒத்துக்க மாட்டேங்குது. நான் கோர்க்கற ஒரு ப்ரேஸ்லெட்டுக்கு என் செலவைச் சொல்றேன். அரைச் சரம் கண்ணாடி மணி அறுபது ரூபாய். எலாஸ்டிக், ஸ்பேசர், பசை எல்லாம் சேர்த்துப் பதினஞ்சு. வேலை இருபது நிமிஷம். எண்பது ரூபாய்க்கு வித்தா எனக்கு அஞ்சு ரூபாய் நிக்கும். அந்த அக்கா என்னைவிட மொத்தமா, என்னைவிட சாமர்த்தியமா வாங்குவாங்க, சரி. அப்படியே பாதி விலைக்கு மணி கிடைச்சாலும், பேரத்துல போன அந்த முப்பது ரூபாய் மணிலேர்ந்து போகல. அவங்க இருபது நிமிஷத்துலேர்ந்து போச்சு. அதோட பஸ் ஸ்டாண்ட்ல துரத்தாம உக்கார விட்ட நாள், துரத்தின நாள் எல்லாத்தையும் கணக்குல சேருங்க. அவங்க சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியல்ல சேர்க்கலாம்னு லோகூர் குழு பரிந்துரைச்சது 1965ல. நாடாளுமன்றம் அதை நிறைவேத்தினது 2022 டிசம்பர்ல. ஐம்பத்தேழு வருஷம் காத்திருந்தவங்க கிட்ட நாம அஞ்சு நிமிஷத்துல முப்பது ரூபாய் குறைக்கச் சொல்றோம்.

"சந்தைன்னா பேரம் இருக்கத்தான் செய்யும், சௌகார்பேட்டைல நீ பேரம் பேச மாட்டியா?"ன்னு அவன் ரிட்டர்ன் பஸ்ல கேட்டான். பேசுவேன். பத்துச் சரம் வாங்கறேன், சரத்துக்கு அஞ்சு குறைங்கன்னு கேப்பேன். அது சரக்குக்குப் பேசற பேரம், அவரு கடைல இன்னும் ஆயிரம் சரம் தொங்குது, கட்டுப்படியாகலைன்னா போம்மான்னுடுவாரு. உக்காந்து என் கையை அளந்து கோர்த்தவங்க கிட்ட, கோர்த்து முடிச்சு மாட்டின பிறகு பேசறதுக்கு வேற பேரு. க்ளையன்ட் டெலிவரிக்கு அப்புறம் பாதி பில்லை வெட்டினா நாம என்னென்ன மெயில் போடுவோம்! அதுக்கு அவன் பதில் சொல்லல, இயர்போனை மாட்டிக்கிட்டான்.

கொடுமணல்னு ஈரோடு மாவட்டத்துல, நொய்யல் கரைல ஒரு ஊரு. அகழாய்வுல பளிங்கு, சூதுபவளம், பச்சைக்கல்னு மணி மணியாக் கிடைச்சது, பாதி துளை போட்டு விட்டதெல்லாம் கூட. ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல நம்ம ஊர்ல இந்த வேலை நடக்குது. அதை மியூசியக் கண்ணாடிக்குப் பின்னாடி பார்த்தா "ஆஹா தமிழன்"னு ஃபோட்டோ எடுக்கறோம், பஸ் ஸ்டாண்ட்ல பார்த்தா நாப்பதுக்குக் கேக்கறோம்.

பொங்கலுக்கு எங்க ஆபீஸ்ல ஊழியர்கள் ஸ்டால் போடலாம்னு சொல்லியிருக்காங்க. நானும் ஒரு மேஜை கேட்டிருக்கேன். ப்ரேஸ்லெட் ஒண்ணு நூத்தி எண்பது. "வெளில எண்பதுக்குக் கிடைக்குதே"ன்னு கேக்கறவங்களுக்குத் திருவண்ணாமலைக்கு வழி சொல்லலாம்னு இருக்கேன். மேஜைல முடிச்ச சரக்கு எதுவும் இருக்காது. மணி, நூல், இன்ச் டேப், அப்புறம் நான். கையை நீட்டினா அங்கேயே கோர்த்துக் குடுக்கறது. மேனேஜர் பத்தொன்பது சென்டிமீட்டருக்கு இப்பவே ரெண்டு சொல்லி வெச்சுட்டார், ஒண்ணு அவருக்கு, ஒண்ணு அவங்க அம்மாவுக்கு. அம்மா அளவைக் காலைல எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.

டிஸ்கி: காந்தக் கொக்கி பத்தி மேல சொன்னேன் இல்லையா. இதயத்துல பேஸ்மேக்கர் வெச்சிருக்கறவங்களுக்கு டாக்டரைக் கேக்காம அதைப் பண்ணிக் குடுக்காதீங்க. கைக்குழந்தை இருக்கற வீட்டுலயும் வேண்டாம், குட்டிக் காந்தத்தை முழுங்கினா பெரிய ஆபத்து. அந்த மாதிரி வீட்டுக்கு நான் டீ வடிவக் குச்சியை வளையத்துக்குள்ள நுழைக்கற கொக்கி போடறேன். கணு வலிக்கறவங்களுக்கும் அது நண்டுக் கொக்கியை விட சுலபம்தான், கொஞ்சம் பெரிய சைஸா வாங்கணும்.